திரைச்சீலைக் கடை வரிசையில் ஒரு தாய்

திரைச்சீலை வாங்கும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இஷொயில் நான் இருக்கும் மாடியிலிருந்து பார்த்தால் எதிரே இன்னொரு மாடி தெரியும். அங்கிருந்து பார்த்தால் நான் தெரிவேன். மறைப்பதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. ஆகவே ரயிலில் மூன்று மணித்தியாலம் தள்ளி ஓகூஸில் உள்ள ஒரு திரைச்சீலைக் கடையின் இணையப் பக்கத்து அரட்டைப் பெட்டிக்குள் ஒன்றரை வருடமாக உமக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான்.

முதலில் மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி சொல்லவேண்டும். எனக்கு டேனிஷ் நன்றாக வரும். ஆனாலும் தாய்மொழியில் வாக்குமூலம் கொடுக்கலாம் என்று பொலிஸ் நிலையத்தில் நீங்கள் தந்த தாளில் இருந்தது, தருவதை ஏன் விடவேண்டும் என்று கேட்டுவிட்டேன். இவர் ஹரிப்ரியா, மதுரைக்காரர் என்றார். நான் இதுவரை சொன்னதை அவர் உங்களுக்கு ஒரே வசனத்தில் சொல்லி முடித்ததைக் கவனித்தேன். குறை சொல்லவில்லை. அந்த வேலையில் உள்ள சுகம் எனக்குத் தெரியும்.

என் பெயர் லவன். முதுகு சரியில்லாததால் நகரசபை எனக்குக் குறைந்த நேர வேலைதான் ஒதுக்கியிருக்கிறது. காலையில் ஒரு களஞ்சியத்தின் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்வேன். மதியத்துக்குப் பிறகு சுதந்திரமான மனிதன். சுதந்திரமான மனிதர்களை எந்தச் சபையும் சும்மா விட்டதில்லை. டோஸ்ட்ருப்பில், டயர் மாற்றும் கடைக்குப் பக்கத்து மண்டபத்தில் கூடும் எங்கள் சபையின் இணையத்தளமும் நேரடி ஒளிபரப்பும் என் பொறுப்பு. சபையின் பெயரில் சர்வதேசம் என்று ஒரு சொல் உண்டு. பக்கத்து நாட்டு மால்மோவிலிருந்து ஒரு குடும்பம் அவ்வப்போது வரும். மழை என்றால் வராது.

பாஸ்டர் அந்தோனிதாசனை நீங்கள் இன்னும் சந்திக்காவிட்டாலும் குரலைக் கேட்டிருப்பீர்கள். மண்டபத்தில் இருப்பவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம், ஆனால் மைக்கை மைதானத்துக்குப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். தேத்தண்ணி வேண்டுமென்றால்கூட ஆண்டவர் தன் தொண்டையில் ஒரு தாகத்தை வைத்ததாகத்தான் சொல்வார். அவருக்கு ஒரே மகள், தபிதா. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் அவர் கண்ணை மூடி, தபிதாவுக்கு ஆயத்தமாக்கப்பட்ட மணமகனைத் தரிசனத்தில் கண்டதாக அறிவித்தார். தரிசனம் மிகவும் தெளிவு. பையனின் பெயர், படிப்பு, சொந்த வீடு எல்லாம் அதில் வந்தது. தபிதா எழுந்து போய் மைக்கை வாங்கினாள். இந்த விஷயத்தில் என்னையும் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்தவரை கடவுளையும் கேட்கவில்லை என்று டேனிஷில் சொன்னாள். ஒலியைக் குறைக்கும் விசை என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் குறைக்கவில்லை. அந்த ஒளிபரப்பைப் போல வேறெதையும் எங்கள் சபையில் ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததில்லை.

அந்த வாரமே அவள் போய்விட்டாள். நகரசபையில் சொல்லி விலாசத்தை மறைத்தாள், போன் நம்பரை மாற்றினாள், சிநேகிதிகள் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு பாஸ்டர் தன் மனைவி யோகமலர் அக்காவை மேடைக்கு அழைத்து, வேதாகமத்தின் மேல் கையை வைக்கச் சொல்லி, கர்த்தருக்கு முன்பாக ஒரு பொருத்தனை செய்வித்தார். மகளோடு போனில் கதைக்கமாட்டேன். கடிதம் எழுதமாட்டேன். அவள் வாசல் மிதிக்கமாட்டேன். சபையின் எல்லைக்கு வெளியே அவளைத் தேடமாட்டேன். அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நாங்கள் ஆமென் என்றோம். பின்வரிசை மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க நானும் சொன்னேன்.

யோகமலர் அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் பொருத்தனையை மீறுகிற ஆள் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் சலவைச்சாலையில் வேலை. மேலாளர் சொன்னதையும் புருஷன் சொன்னதையும் ஆண்டவர் சொன்னதையும் ஒரே மடிப்பில் மடித்து வைப்பவர். ஆகவே அந்த நாலு வாக்கியங்களும் அவருக்கு நாலு சுவர்.

இப்போது திரைச்சீலைக்கு வருகிறேன். புதன்கிழமை மதியங்களில் பெண்கள் ஜெபக்கூட்டம். அக்கா முதலே வந்து சமையலறையில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பார். யன்னலுக்கு வெளியே டயர்க்கடை ஆட்கள் சிகரெட் பிடித்தபடி உள்ளே பார்ப்பார்கள். தம்பி, இதுக்கொரு சீலை பாருமன் என்றார். நான் மடிக்கணினியைத் திறந்து, முதலில் வந்த கடையின் பக்கத்துக்குப் போனேன். மூலையில் அரட்டைப் பெட்டி எழும்பியது. அதில் ஒரு முகமும் பெயரும். வணக்கம், நான் தபிதா, என்ன உதவி வேண்டும் என்று டேனிஷில் கேட்டது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த முகத்தைத் தொட்டார். தொடுதிரை என்பதால் பெட்டி பெரிதாகிவிட்டது. பயந்து கையை எடுத்தார். பிறகு, பொருத்தனையின் நாலு சுவரையும் தடவிப் பார்த்துக்கொண்டு வருகிறவரைப் போல, மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, இது போனில்லை. கடிதமும் இல்லை. அவளின்ர வாசலும் இல்லை. நான் எங்கட சபையின்ர பக்கத்துக்குள்ள இருந்து எழுதினால், அது எல்லை தாண்டினதாகுமோ?"

சொந்தமாக யோசிக்கும்போது மனிதர்கள் எவ்வளவு அழகாக இருக்கிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். சபையின் பக்கத்தை விட்டு வெளியே வராமல் செய்து தருகிறேன் அக்கா என்றேன்.

மகள் பக்கம் வேறொரு பிடிவாதம். நான் வாடிக்கையாளராகப் போய் அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது, அப்பாவின் இணையத்தளத்தைத் தன் வாழ்நாளில் திறக்கமாட்டேன் என்றாள். அம்மாவுக்குக் கதைக்க வேண்டுமென்றால் என் வேலை இடத்துக்கு வரட்டும், மற்றவர்களைப் போல வரிசையில் நிற்கட்டும் என்றாள். ஆக ஒருத்தி தன் விலாசத்தை விட்டு இறங்கமாட்டாள், மற்றவள் அந்த விலாசத்தில் ஏறமாட்டாள்.

கடையின் வக்கீல் எழுதியதை வாசித்தால் நான் ஏதோ வங்கியை உடைத்த மாதிரி இருக்கிறது, ஆகவே செய்ததை எளிமையாகச் சொல்கிறேன். பிரவுசர் சந்தேகம் பிடித்த வாயிற்காவலன். ஒரு விலாசத்திலிருந்து வந்த பக்கத்தை இன்னொரு விலாசத்தோடு கதைக்க அது விடாது. சபையின் பக்கத்துக்குள் கடையின் பெட்டியைப் படம்போல மாட்டி வைக்கலாம். ஆனால் உள்ளே நடப்பதைச் சபையின் பக்கம் பார்க்கவும் முடியாது, ஒரு சொல் அனுப்பவும் முடியாது. தன் வீட்டுப் பக்கத்திலிருந்து வராத செய்தியைக் கடையும் வாசலிலேயே திருப்பிவிடும். நல்ல விதி. இல்லாவிட்டால் நீங்கள் திறந்து வைத்திருக்கும் எந்தக் குப்பைப் பக்கமும் உங்கள் வங்கியோடு உங்கள் குரலில் கதைக்கும். அந்த விதியை எழுதியவர்கள் மனிதரை அறிந்தவர்கள்.

ஆனால் அந்தக் காவலன் விலாசத்தை மட்டும்தான் பார்ப்பான். அதற்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்க்கமாட்டான். என் வீட்டில் சலவை மெஷினுக்கு மேலே ஒரு பழைய கொம்பியூட்டரை வைத்தேன். அக்கா எழுதுவது சபையின் சொந்த விலாசத்துக்கே போகும். அங்கிருந்து சத்தமில்லாமல் என்னிடம் வரும். என் மெஷின் கடையின் சொந்தப் பக்கத்தை வாடிக்கையாளர்போலத் திறந்து அதை அங்கே எழுதும். பதிலும் அதே வழி. இந்தப் பக்கத்துப் பிரவுசர் தன் வீட்டோடுதான் கதைக்கிறோம் என்று நம்பும். அந்தப் பக்கமும் அப்படியே நம்பும். விதியை ஒருவரும் மீறவில்லை. நடுவில் ஒரு ஆள் இருக்கிறான், அவ்வளவுதான்.

இதுதான் உங்கள் தாளில் அனுமதியற்ற அணுகல் என்று இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். இதோடு நிறுத்தினாலும் உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன், ஆனால் அரைகுறையாகச் சொல்வது என் பழக்கமில்லை.

புதன்கிழமைகள் தொடங்கின. உங்களுக்கு முன் மூவர் காத்திருக்கிறார்கள் என்று பெட்டி சொல்லும். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். டொக்டரிட்ட வந்த மாதிரி இருக்கு, ஆனால் இஞ்ச ஊசி இல்லை என்று சொல்லிச் சிரிப்பார். கதைத்து முடிந்ததும் இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கடை கேட்கும். அக்கா ஐந்தையும் ஒவ்வொன்றாக அழுத்துவார், பிள்ளைக்குப் பொட்டு வைப்பதுபோல.

தாய்க்கு வேலைக்குப் போதுமான டேனிஷ் மட்டும். மகளுக்கு வீட்டுத் தமிழ் காதில் உண்டு, கண்ணில் ஓர் எழுத்தும் இல்லை. மெஷின் மொழிபெயர்க்கும் என்று இருவருக்கும் சொன்னேன். முதலில் மெஷினைத்தான் வைத்தேன். அது "என்ர குஞ்சு" என்ற கொஞ்சலைக் கோழிப்பண்ணை விவகாரமாக எடுத்துக்கொண்டது. ஆகவே மண்டபத்து ஒலிமேசையில் நானே இருந்து செய்தேன். மெஷின் என்று சொன்னதை மட்டும் மாற்றவில்லை. மெஷினுக்கு முன்னால் மனிதர் வெட்கப்படுவதில்லை. எனக்கு முன்னால் யோகமலர் அக்கா ஒருநாளும் அழுததில்லை. மெஷினுக்கு முன்னால் அழுதார்.

வரிக்கு வரி மொழிபெயர்த்தால் என்ன நடக்கும் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. தாய் எழுதுவாள்: சாப்பிட்டியோ, அறை குளிரோ, வேதம் வாசிக்கிறியோ, உன்னை நினைச்சு நெஞ்சு எரியுது. மகள் எழுதுவாள்: கடவுள் கதையோடு வராதே, எனக்குச் சத்தில்லை. அப்படியே விட்டிருந்தால் நாலாவது புதனோடு முடிந்திருக்கும். நான் தாயின் வேதத்தை எடுத்துவிட்டு குளிரை மட்டும் அனுப்பினேன். மகளின் சலிப்பை எடுத்துவிட்டு, உங்கட ஜெபத்தில என்னையும் நினையுங்கோ அம்மா என்று அனுப்பினேன். இரண்டு பேரும் மகிழ்ந்தார்கள். அம்மா இவ்வளவு பக்குவமாகிவிட்டாளே என்று மகள் ஆச்சரியப்பட்டாள். "பிள்ளை என்ன வடிவாக் கதைக்குது, லவன் தம்பி, வீட்டில இருக்கேக்க இப்பிடி ஒரு நாளும் கதைக்கேல்லை" என்று தாய் எனக்குச் சொன்னார். எனக்கு. சமையலறையில், என் முகத்தைப் பார்த்து.

சபையில் பாஸ்டரின் ஜெபத்தால் ஒருவருக்குத் தலையிடி போனால் ஒரு மணி நேரம் சாட்சி நடக்கும். நான் ஒரு தாயையும் மகளையும் செய்து வைத்திருந்தேன். அதற்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. தெளிவுக்காகச் சொல்கிறேன்.

அடுத்த வேனிற்காலம் மகள் எழுதினாள்: விடுமுறை கிடைத்திருக்கிறது, ஒரு புதன்கிழமை வந்து மண்டபத்தின் பின்கதவில் நிற்கிறேன், அப்பா புதன்களில் வருவதில்லைதானே. பொருத்தனையில் தாய் போகக்கூடாது என்றுதான் இருக்கிறது, மகள் வரக்கூடாது என்று இல்லை. இவளும் யோசித்திருக்கிறாள். தாயின் மகள்தான்.

அதை நான் தாய்க்கு அனுப்பவில்லை. யோசித்துப் பாருங்கள். பின்கதவில் இரண்டு பேரும் தங்கள் சொந்த வாயால் கதைக்கத் தொடங்குவார்கள். தாய் வேதம் வாசிக்கிறியோ என்பாள். மகள் தன் டேனிஷில் ஒரு சொல் சொல்வாள். தேத்தண்ணி ஆறுவதற்கு முன் எல்லாம் உடைந்துவிடும். எவ்வளவு கவனமாகக் கட்டியது. அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்ற வேண்டியிருந்தது, அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது. தாயின் பெயரில் பிறகு வா என்று எழுதிப் பார்த்தேன். இப்ப வேண்டாம், அப்பாவுக்குச் சந்தேகம் என்றும் எழுதினேன். அவள் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாள்.

ஆகவே தாய் இறந்துவிட்டதாக அறிவித்தேன்.

என் சொந்தப் பெயரில் அறிவித்தேன், சபையின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்று. திடீரென்று இதயம் நின்றது, குடும்பத்தோடு அடக்கம் முடிந்தது, உங்கள் தந்தை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றார், என் மனம் கேட்கவில்லை என்று எழுதினேன். கடைசியில் ஏதாவது சொன்னாவோ என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னா என்றேன். அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் அன்று வேலையை விட்டு எழுந்து போனாள். பெட்டியில் தபிதா இப்போது இல்லை என்று வந்தது.

அவள் தகப்பனுக்குப் போன் எடுத்து விசாரிப்பாள் என்று எனக்குத் தெரியும். எடுத்தாள். பாஸ்டர் அவள் குரலைக் கேட்டதும் எனக்கு மகள் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே அடுத்த ஞாயிறு மேடையில் சாட்சியாகச் சொன்னார். சோதனைக்காரன் போனில் வந்தான், நான் ஜெயித்தேன் என்றார். மண்டபம் அல்லேலூயா என்றது. அந்த மனிதரின் கர்வத்தை வருடக்கணக்காக நான் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன். அது இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது.

யோகமலர் அக்கா முன்வரிசையில் இருந்து அதைக் கேட்டார். புதன்கிழமை, அப்பாவுக்கு ஏன் எடுத்தனி என்று பெட்டியில் கேட்டார். அப்பாவின்ர குரல் கேட்க ஆசையா இருந்தது அம்மா என்று பதில் போட்டேன். அக்கா அன்று சந்தோஷத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணியில் சீனி கூடப் போட்டுவிட்டார்.

ஏனென்றால் தாய்க்குப் புதன்கிழமைகள் நிற்கவில்லை. நிறுத்த என்ன காரணம் இருந்தது? பாலத்தின் ஒரு கரை போய்விட்டது, மற்றக் கரையில் நிற்பவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. உண்மையில் வேலை இன்னும் நன்றாக நடந்தது. மொழிபெயர்ப்பில் எப்போதும் மூலத்தின் இடைஞ்சல் ஒன்று இருக்கும். இப்போது இல்லை. என் தபிதா தமிழ் எழுதப் பழகினாள். ஓகூஸில் மழை என்றால் மழை என்று எழுதினாள். வானிலையைப் பார்த்துத்தான் எழுதுவேன். அம்மா சொன்னபடி குரக்கன் மா தேடிப் பிடித்தாள், கிழமையில் ஒருநாள் புட்டு அவித்தாள். வேதம் வாசிக்கிறேன் என்றுகூட ஒருநாள் எழுதினாள். அது கொஞ்சம் மிகைதான்.

பனிக்காலம் தொடங்கும்போது அக்காவுக்கு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் விட்டார்கள். இது உண்மையான இதயம், உண்மையான ஆஸ்பத்திரி. அவர் ஐபேடில் சபையின் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார். கட்டிலில் கிடந்தும் எல்லை தாண்டவில்லை என்பதற்காக, மேலே விலாசக் கட்டத்தில் சபையின் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்வார். ஒருநாள் எழுதினார்: பிள்ளை, நான் வாசல் மிதிக்கேலாது, நீ வாறியோ.

சாகக் கிடக்கும் தாய்க்கு வரமாட்டேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வாறன் அம்மா என்று எழுதினேன்.

அன்று மதியம் ஆஸ்பத்திரி நடைபாதையில் பாஸ்டர் என்னிடம் வந்தார். காலையில்தான் இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவானதல்ல என்று தாதிமாருக்கு முன்னால் பிரகடனம் செய்திருந்தார். டொக்டர் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னபிறகு குரல் சுருங்கிவிட்டது. மைக் இல்லாத அந்தக் குரலை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

"லவன், உமக்குத் தபிதான்ர நம்பர் தெரியுமோ? அவளை வரச்சொல்ல வேணும்."

"தெரியாது, பாஸ்டர்."

"ஆரிட்டயாவது கேட்டுப் பாருமன். நான் கூப்பிட்டதெண்டு சொல்லும். நான் மன்னிப்புக் கேட்டதெண்டும் சொல்லும்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். நம்பர் தெரியாது என்பது உண்மை; கடையின் பெட்டிதான் தெரியும். என் போனில் அது திறந்தே இருந்தது. ஆனால் என் நிலையில் நீங்கள் இருந்தால் அதில் என்ன எழுதுவீர்கள்? அவளுடைய தாய் ஆறு மாதத்துக்கு முன் இறந்தவள். அவள் அழுது முடித்துவிட்டாள். ஒரே தாய்க்காக இரண்டு தரம் அழ வைப்பது எந்த மனிதத்தன்மை? நான் தபிதாவை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன்.

நடைபாதைக் கதிரையில் இருந்துகொண்டு பயணத்தை எழுதினேன். உண்மையான ரயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது போகும் போக்கை ரயில்வே பக்கத்தில் பார்த்துப் பார்த்து எழுதினேன். இப்ப ஏறிட்டன் அம்மா, யன்னல் சீட். ஹோர்சன்ஸ் தாண்டிட்டுது. ஃபிரெடெரீசியாவில ஒரு குழந்தைப்பிள்ளை ஏறி என்னையே பார்க்குது. ஒடென்ஸ். உள்ளே அக்கா ஒவ்வொன்றையும் தாதிக்குச் சத்தமாகச் சொல்வது எனக்குக் கேட்டது, தன் சலவைச்சாலை டேனிஷில்: மகள் வருது, மகள் ஒடென்ஸ். தாதி தலைமயிரைச் சீவிவிட்டாள். பாஸ்டர் கட்டிலோரம் முழந்தாளில் இருந்தார். மகள் வருகிறாள் என்பதைக் கேட்டு, மனைவி மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்து விக்கி விக்கி அழுதார்.

நியூபோர்க்கில் ரயில் நின்றது. கடலைக் கடக்கும் ஸ்டோரபெல்ட் பாலத்தில் பலத்த காற்று என்று அறிவித்தார்கள். என் கையில் எழுதுகோல் இருக்கிறதென்பதற்காக ரயிலைப் பறக்கவிட முடியாது. உள்ளதை உள்ளபடி எழுதினேன்: காத்து அம்மா, பாலத்தில விடுறாங்கள் இல்லை, கொஞ்சம் பொறுங்கோ. பொறுத்திருக்கிறன், நீ ஆறுதலா வா என்று பதில் வந்தது. எழுத்துக்கள் விட்டு விட்டு வந்தன. பிறகு ரயில் அசைந்தது. நான் ஸ்லாகெல்ஸ என்று எழுதினேன். ரிங்ஸ்டெட் என்று எழுதினேன். ரிங்ஸ்டெட்டுக்குப் பதில் வரவில்லை. உள்ளே பாஸ்டரின் சத்தம் கேட்டது, வார்த்தை இல்லாத சத்தம்.

எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது ஐபேடை நான்தான் எடுத்து வைத்தேன். இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுக்கொண்டு நின்றது. ஐந்தையும் அழுத்தினேன். அவர் ஒருநாளும் குறைத்ததில்லை.

அதில்தான் பிடிபட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். வேனிலில் மகளுக்குத் தாயைச் சாகடித்தபோது சொற்கள் போகும் வழியை மூடினேன். நட்சத்திரங்கள் போகும் வழி தனி. அதை மூட மறந்துவிட்டேன். என் அறிவிப்பில் இறந்த பிறகும் அக்கா புதன்தோறும் தன் பிள்ளைக்கு ஐந்து நட்சத்திரம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். தபிதாவின் மேற்பார்வையாளர் ஜோனாஸ் என்பவர் வருட முடிவுக் கணக்கைப் பார்த்து, வேலைக் கூட்டத்தில் பகிடியாகச் சொன்னாராம்: உன் டோஸ்ட்ருப் பெண்மணி இன்னும் உன்னைக் கைவிடவில்லை, போன கிழமையும் ஐந்து. அந்தப் பெண்மணி வேனிலில் இறந்துவிட்டார் என்று அவள் சொன்னாளாம்.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை என் கதவைத் தட்டினாள். கடையின் படத்தில் இருப்பதைவிட மெலிவு. டேனிஷில் தொடங்கி, நிறுத்தி, கஷ்டப்பட்டுத் தமிழில் கேட்டாள்.

"அம்மா எப்ப செத்தவ?"

"எந்த முறை?" என்று கேட்டேன். கிண்டலுக்கு இல்லை. சரியான பதில் சொல்லக் கேள்வி தெளிவாக இருக்கவேண்டும். அவள் மாடிப்படியில் குந்திவிட்டாள். நான் எல்லாம் சொன்னேன், உங்களுக்குச் சொன்ன ஒழுங்கிலேயே. அம்மா கடைசிவரை நீர் வருகிறீர் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனா என்றும் சொன்னேன். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன். அம்மாவின் பதில்களை வாசிக்கிறீரோ என்றேன். எழுத்துத் தெரியாதென்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். எழும்பிப் போய்விட்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஹரிப்ரியா, இதைச் சுருக்க வேண்டாம். கடையின் பெட்டிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தது நான். தாயாக மகளுக்கும் மகளாகத் தாய்க்கும் எழுதியது நான். உயிரோடு இருந்த தாயை இறந்ததாக எழுதியதும், வராதவளை வருவதாக எழுதியதும் நான்தான். பாஸ்டர் கேட்டபோது தெரியாது என்று சொன்னதும் நான். எதையும் மறுக்கவில்லை.

ஆனால் நடந்ததற்கெல்லாம் நான் மட்டும் பொறுப்பு என்று எழுதினால் அது நியாயமாகாது. அன்றைக்கு ரயிலை நியூபோர்க்கில் அவ்வளவு நேரம் வைத்திருக்கத் தேவையில்லை. காற்று அப்படியொன்றும் பெரிதில்லை, நான் ஆஸ்பத்திரி யன்னலால் பார்த்தேன், மரங்கள் சும்மா நின்றன. நேரத்துக்கு விட்டிருந்தால் பிள்ளை வந்து தாயை உயிரோடு பார்த்திருக்கும்.